மூன்று டப்பா வெந்தயம்: குப்பத்துச் செம்மண்ணில் ஒரு பனிக்காலப் பயிர்

ஆந்திராவின் குப்பம் ஊருக்குத் தெற்கே, தமிழ்நாட்டின் கிருஷ்ணகிரி மாவட்ட எல்லையை ஒட்டிய எங்கள் நிலத்தில் 12 சென்ட் அளவில் இயற்கை முறையில் விளைவித்த வெந்தயம், இந்த மாசியில் களத்திலிருந்து வீட்டுக்கு வந்து சேர்ந்தது. தூற்றி, புடைத்து, சலித்த பிறகு 22 கிலோ நின்றது. சமையலுக்கு 14 கிலோ, முளைகட்டுவதற்கு 5 கிலோ, அடுத்த விதைப்புக்கு 3 கிலோ என்று பிரித்து வைத்து, மூன்றையும் சோதித்தும் பார்த்தாயிற்று. முந்தைய ஆண்டு இதே நிலத்தில் விளைந்த வெந்தயம் குழம்புக்கும் தோசை மாவுக்கும் ஒரு குறையும் இல்லாமல் இருந்தது. முளைகட்டினால் மட்டும் பாதி முளைத்து, மீதி கூழாகிப் புளித்து நாறியது. ரசாயனம் படாத விதைக்கு ஏன் இந்த நிலை என்று காரணத்தைத் தேடிப் போனதில், வயலைவிடக் களத்தில்தான் திருத்த வேண்டியவை அதிகம் இருந்தன. இயற்கையாக விளைந்த விதை என்பது ஒன்று, முளைகட்டி உண்ணத் தகுந்த விதை என்பது வேறொன்று என்ற தெளிவு கிடைத்த பிறகு செய்த பயிர் இது.

வெந்தயம் பனிக்காலப் பயிர். கடைகளில் நாம் வாங்குவதில் பெரும்பகுதி ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம், குஜராத் பக்கங்களிலிருந்து வருவதற்கு அங்குள்ள குளிர்காலமே முதல் காரணம். குப்பம் கடல்மட்டத்திலிருந்து 2,000 அடிக்கு மேல் இருப்பதால் மார்கழி, தை இரவுகளில் நல்ல குளிர் இருக்கும். ராகி, நிலக்கடலை, துவரை, பட்டுப்புழுவுக்கான மல்பெரி, மாட்டுக்குக் குதிரைமசால் என்று போகும் எங்கள் பக்கத்து வேளாண்மையில், கடலை எடுத்த நிலம் கார்த்திகையில் சும்மா கிடக்கும். அந்த இடைவெளியில்தான் வெந்தயத்தை நுழைத்தோம். ஐப்பசியில் விதைத்தால் வடகிழக்குப் பருவமழையில் நாற்று அழுகும். மார்கழிக்குத் தள்ளினால் காய் பிடிக்கும்போது வெயில் ஏறிவிடும். கார்த்திகையின் நடுப்பகுதிதான் இங்கே பொருந்துகிறது.

மண் மணற்பாங்கான செம்மண். வடிகால் நன்றாக இருக்கும், ஆனால் ஒரு மழை பெய்து காய்ந்தால் மேலே ஓடு போல இறுகிவிடும். நன்கு மக்கிய தொழுவுரம் டிராக்டரில் அரை லோடு கொட்டிக் கடைசி உழவில் கலந்தோம். புதுச்சாணம் கலந்த எருவை இந்தப் பயிருக்குச் சேர்க்கவே இல்லை. அதன் காரணம் முளைகட்டும் இடத்தில் தெளிவாகும். வெந்தயத்துக்கு வேரழுகல் பெரிய பகை என்பதால், அதை அடக்கும் நன்மைப் பூசணமான ட்ரைக்கோடெர்மா விரிடி ஒரு கிலோவை 25 கிலோ தொழுவுரத்தில் பிசறி, ஈரச் சாக்கு போர்த்தி நிழலில் வைத்திருந்து, வெண்பூசணம் படர்ந்த பிறகு 12 கிலோ வேப்பம்புண்ணாக்குத் தூளோடு சேர்த்துத் தூவினோம். நான்கு அடி அகலத்தில் மேட்டுப்பாத்தி, இடையில் ஓரடி வாய்க்கால், பாத்திக்கு இரண்டு சொட்டுநீர்க் குழாய்.

விதை ஒரு கிலோ, இயற்கை விளைபொருள் விற்கும் கடையில் வாங்கியது. விதைக்கும் முன் நூறு விதைகளை ஈரத் துணியில் சுற்றி வைத்துப் பார்த்ததில் 88 முளைத்தன, அது போதும். இதோடு ஒரு சல்லடை வேலையும் அவசியம். வெளியிலிருந்து வாங்கும் வெந்தயத்தில் அம்மையார் கூந்தல் விதை கலந்திருக்க வாய்ப்பு உண்டு. மஞ்சள் நூல் போலச் செடிமேல் படர்ந்து சாற்றை உறிஞ்சும் அந்த ஒட்டுண்ணி ஒருமுறை நிலத்தில் இறங்கிவிட்டால், அந்த இடத்துச் செடிகளைப் பிடுங்கி எரிப்பதைத் தவிர எளிய வழியில்லை. அதன் விதை வெந்தயத்தைவிட மிகச் சிறியது, உருண்டையானது. 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்தால் கீழே இறங்கிவிடும்.

பயறு வகைச் செடிகளைப் போலவே வெந்தயமும் வேர் முடிச்சுகளில் தழைச்சத்தைச் சேர்க்கும், ஆனால் அதற்குரிய நுண்ணுயிர் மண்ணில் இருக்க வேண்டும். நிலக்கடலைக்கு உதவும் ரைசோபியம் இதற்கு உதவாது. குதிரைமசாலுக்கு உதவும் இனம்தான் வெந்தயத்துக்கும் உதவும். மாட்டுக்காகக் குதிரைமசால் போட்டிருக்கும் எங்கள் பாத்தி கையெட்டும் தூரத்தில் இருந்தது. அதன் வேர்ப்பகுதியிலிருந்து மூன்று கிலோ ஈரமண்ணை எடுத்து, உதிர்த்து, விதையோடு பிசறினோம். விதைக்கு முதலில் பீஜாமிர்தம் தடவி நிழலில் உலர்த்தியிருந்தோம். அதில் சாணமும் கோமியமும் சுண்ணாம்பும் இருப்பதால், விதைத்தது போக மிஞ்சிய கைப்பிடி விதையை வரப்போரத்தில் தூவிவிட்டோமே தவிர, சமையலறைக்குத் திருப்பி எடுத்து வரவில்லை. கடைகளில் சாயமேற்றி, பூசணக்கொல்லி தடவி விற்கும் தோட்ட விதைக்கும் இதே கட்டுப்பாடு உண்டு. அதை எவ்வளவு கழுவினாலும் உண்ணக் கூடாது.

பாதிப் பாத்திகளில் விதையைத் தூவினோம். மீதியில் ஓரடி இடைவெளியில் கோடு கிழித்து, விரற்கடை ஆழத்துக்கு மேல் போகாமல் வரிசையாக இட்டு மூடினோம். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும் எண்ணம் தொடக்கத்திலேயே இருந்தது. விதைத்த மறுநாள் இரவு தூறல் விழுந்து, அடுத்த பகல் வெயிலில் மண் இறுகத் தொடங்கியது. இலந்தை முள் கிளை ஒன்றைப் பாத்தியின் மேல் பாரமில்லாமல் ஒருமுறை இழுத்து, மாலையில் பூவாளியால் நனைத்து, மேலே கடலைத் தொலியை மெல்லியதாகத் தூவினோம். தொலி தூவிய பாத்திகளில் முளை சீராக வந்தது. தொலி போதாமல் விட்ட ஓரப் பாத்தியில், மண் ஓட்டைத் தூக்கிக்கொண்டு கூட்டமாக முளைத்த இடங்களும், ஒன்றுமே வராத திட்டுகளும் இருந்தன. வெந்தயத்தைப் பிடுங்கி நட்டால் சரியாகத் தேறாது. திட்டு விழுந்த இடத்தில் மறுவிதைப்பு ஒன்றுதான் வழி.

செடி ஒரு சாண் உயரம் வந்ததும் நெருக்கத்தைக் கலைத்தோம். தூவிய பாத்திகளில் கைக்குக் கை கீரை கிடைத்தது. மொத்தம் 150 கட்டு. கட்டு 10 ரூபாய் என்று ஊரிலும் குப்பத்திலும் போனது. பக்கத்து வி.கோட்டா காய்கறிச் சந்தைக்கு மொத்தமாகக் கொண்டுபோனால் விலை பாதிகூட நிற்காது என்பதால் அங்கே அனுப்பவில்லை. பிடுங்கிய செடிகளின் வேரைக் கழுவிப் பார்த்தபோது, கடுகைவிடச் சற்றுப் பெரிய முடிச்சுகள் பக்கவேர்களில் விரல் போல நீண்டும் கிளைத்தும் ஒட்டிக்கொண்டிருந்தன. நகத்தால் கீறினால் உள்ளே நல்ல இளஞ்சிவப்பு. முடிச்சு வேலை செய்கிறது என்பதற்கு அந்த நிறம்தான் அடையாளம். வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் அதனால் செடிக்குப் பயனில்லை. குதிரைமசால் மண் கலக்காமல் விட்ட ஒரு பாத்தியில் முடிச்சுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகவே இருந்தன, இலையும் வெளிறியிருந்தது. காசு செலவில்லாத இந்த ஒரு வேலையை யாருக்கும் துணிந்து சொல்வேன்.

ஆந்திர அரசின் இயற்கை வேளாண்மைத் திட்டம் 2016இல் தொடங்கியதிலிருந்து ஜீவாமிர்தம் எங்கள் பக்கம் எல்லோர் வீட்டு டிரம்மிலும் இருக்கும் பொருளாகிவிட்டது. 200 லிட்டர் தண்ணீருக்குப் பத்துக் கிலோ நாட்டு மாட்டுச் சாணம், பத்து லிட்டர் கோமியம், இரண்டு கிலோ வெல்லம், இரண்டு கிலோ பயறு மாவு, ஒரு கைப்பிடி வரப்பு மண் என்பது வழக்கமான அளவு. அது ஓர் ஏக்கருக்கு. எங்கள் 12 சென்ட்டுக்கு 24 லிட்டர் எடுத்துக்கொண்டு, மீதியை மல்பெரிக்கு விட்டோம். கீரை பிடுங்கி முடித்த பிறகு இரண்டு தடவை, வேர்ப்பகுதியில் மட்டும் ஊற்றினோம். முதல் பூ கண்ணில் பட்டதும் நிறுத்திவிட்டோம். இலைவழித் தெளிப்பாகவும் ஜீவாமிர்தம் கொடுப்பது பலருடைய பழக்கம். கீரைக்கோ முளைகட்டும் விதைக்கோ விளைவிக்கும் பயிரில் அதைச் செய்யக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

தை பிறந்ததும் இரவுப் பனியும் பகல் வெயிலும் சேர்ந்து சாம்பல் நோயைக் கொண்டு வந்தன. அடி இலைகளில் மாவு தூவியது போல வெள்ளை படர்ந்து, மேலே ஏறியது. நன்கு புளித்த மோர் ஒரு லிட்டரைப் பத்து லிட்டர் தண்ணீரில் வடிகட்டிச் சேர்த்து, காலை வெயில் ஏறும் நேரத்தில் இலையின் இரு பக்கமும் நனையத் தெளித்தோம்; வாரம் தவறாமல் திரும்பத் தெளித்தோம். வரிசையாக விதைத்த பாத்திகளில் நோய் அதோடு நின்றது. தூவி விதைத்த பாத்திகளில் கீரை பிடுங்கிய பிறகும் நெருக்கம் இருந்ததால், தெளிப்பு உள்ளே போகவில்லை, காற்றும் போகவில்லை. அங்கே காய்கள் சிறுத்துப் போயின. நனையும் கந்தகம் இயற்கை வேளாண்மைத் தரநிலைகளில் அனுமதி உள்ள பொருள்தான் என்றாலும், அதை நாடாமல் இடைவெளியாலேயே சமாளிக்க முடியும் என்று வரிசைப் பாத்திகள் காட்டின. அசுவினி சில கொழுந்துகளில் வந்தது; பொறிவண்டுகள் அதற்கு முன்பே வந்து சேர்ந்திருந்ததால், மோசமான ஓரத்தில் மட்டும் பத்து லிட்டருக்கு 30 மில்லி வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலோடு அடித்துவிட்டு நிறுத்திக்கொண்டோம். களை எடுப்புக்கு இரண்டு முறை ஆள் விட்டோம், கூலி அதில்தான் கரைந்தது.

அரிவாள் மூக்கு போல வளைந்த நீண்ட காய்கள் பழுத்து மஞ்சளாகி, அடி இலைகள் உதிரத் தொடங்கியதும் அறுவடை. எங்கள் பக்கம் வெந்தயத்தை வேரோடு பிடுங்குவதுதான் வழக்கம், முந்தைய ஆண்டு அப்படித்தான் செய்திருந்தோம். வேரோடு வரும் செம்மண் கட்டிகள் களத்தில் உடைந்து, வெந்தயத்தின் அளவும் நிறமும் கொண்ட பொடிக்கற்களாகத் தானியத்தில் கலந்துவிடுகின்றன. முறத்தில் எத்தனை முறை புடைத்தாலும் அவை பிரிவதில்லை, பல்லில்தான் தெரியும். இந்த முறை கருக்கரிவாளால் தரையிலிருந்து இரண்டு அங்குலம் விட்டு அறுத்தோம். விடியற்காலையில், காய் பனியில் பதமாக இருக்கும்போதே அறுத்து முடித்ததால் உதிர்வும் குறைவு. வேரும் முடிச்சும் நிலத்திலேயே நின்றன. அடுத்து வரும் ராகிக்கு அது உரம். கல் பொறுக்கும் வேலை அநேகமாக இல்லாமலே போயிற்று.

இனி களம். முந்தைய ஆண்டு வெந்தயத்தைச் சிமென்ட் தரையில் பரப்பி, மேலே டிராக்டரை ஓட்டித்தான் பிரித்தோம். ராகிக்குப் பழகிய முறை அது. வெந்தய விதை கல் போலக் கடினமானது என்று தோன்றினாலும், அழுத்தம் பட்டால் அதன் நடுவில் ஓடும் சாய்ந்த பள்ளத்தின் வழியே விரிசல் விடும். அந்த விரிசல் வெறும் கண்ணுக்கு எளிதில் தெரியாது. பழைய விதையில் பத்துக் கிராமை வெள்ளைப் பீங்கான் தட்டில் இட்டு, மூழ்கும் அளவு தண்ணீர் ஊற்றி, ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். முழு விதைகள் முதல் ஒரு மணி நேரத்தில் தோல் சுருங்கி, பிறகு மெதுவாகப் பருத்தன. விரிசல் விட்ட விதைகளைச் சுற்றி அதற்குள்ளாகவே கண்ணாடி போன்ற பிசின் வளையம் படர்ந்து, தண்ணீர் கலங்கியது; காலையில் அவை இரண்டாகப் பிளந்து கிடந்தன. அத்தகைய விதை முளைக்காது, அதன் பிசினும் மாவும் பக்கத்திலுள்ள நல்ல முளைகளையும் சேர்த்துப் புளிக்க வைக்கும். குழம்பில் தாளிப்பதற்கும் மாவில் அரைப்பதற்கும் விரிசல் ஒரு பொருட்டே இல்லை என்பதால்தான், சமையலில் குறை தெரியவில்லை.

இன்னொன்று, சாணம் மெழுகிய களம். மண் களத்தைச் சாணம் கரைத்து மெழுகித் தானியம் அடிப்பது நம் பக்கத்தில் காலங்காலமாக இருக்கும் முறை. வேகவைத்து உண்ணும் தானியத்துக்கு அதில் எந்தத் தவறும் இல்லை. முளைகட்டிப் பச்சையாக உண்ணும் விதைக்கு அது பொருந்தாது. 2011இல் ஜெர்மனியை மையமாகக் கொண்டு பரவிய ஈ.கோலை நோய்த்தொற்றில் ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், சுமார் 4,000 பேர் நோயுற்றார்கள். அதைத் துருவிய ஐரோப்பிய ஆய்வாளர்கள் இறுதியில் சுட்டிக்காட்டியது, எகிப்திலிருந்து இறக்குமதியான வெந்தய விதைகளிலிருந்து வளர்த்த முளைகளை. விதைமேல் ஒட்டியிருக்கும் மிகச் சில கிருமிகளும், முளைகட்டும் ஈரத்திலும் கதகதப்பிலும் பல மடங்கு பெருகிவிடும். சாணமும் கோமியமும் இயற்கை வேளாண்மையின் அடித்தளம் என்பதால், இயற்கை விவசாயிதான் இதில் மற்றவர்களைவிடக் கூடுதலாகக் கவனமாக இருக்க வேண்டும். எருவை முன்கூட்டியே மக்க வைத்ததும், பூ வந்த பிறகு ஜீவாமிர்தத்தை நிறுத்தியதும், மெழுகிய களத்தைத் தவிர்த்ததும் எல்லாம் இதற்காகவே.

ஆகவே 18க்கு 12 அடி தார்ப்பாய் ஒன்று 1,100 ரூபாய்க்கு வாங்கி, அதை இந்த வேலைக்கு மட்டும் ஒதுக்கினோம். அறுத்த செடிகளைக் காய் மேல்பக்கம் இருக்கும்படி சாய்த்து அடுக்கிக் காயவிட்டு, காயை விரலால் நசுக்கினால் சடசடவென்று வெடிக்கும் பதம் வந்ததும் உச்சி வெயில் தாழ்ந்த நேரத்தில் அடிக்க ஆரம்பித்தோம். தடியால் அடிக்க முனைந்தபோது, வேலைக்கு வந்திருந்த மூத்த பெண்மணி, நாங்கள் அத்தை என்று அழைப்பவர், தடியை வாங்கிக் கீழே வைத்துவிட்டார். “அடிச்சா ஒடையும்பா. சாக்குல போட்டு மிதிச்சாப் போதும்,” என்று சொல்லி, சுத்தமான கோணிச் சாக்கில் பாதியளவு செடியை அடைத்து, வாயைக் கட்டி, கழுவிய காலால் புரட்டிப் புரட்டி மிதித்துக் காட்டினார். விதைக்கும் முளைக்கும் தேவையான 8 கிலோவை இப்படியே மிதித்து எடுத்தோம். சமையலுக்கு வேண்டியதை மட்டும் புளியங்குச்சியால் அடித்தோம். மிதிப்பது நேரம் பிடிக்கும் வேலைதான், ஆனால் தட்டில் ஊறவைத்துப் பார்த்தபோது விரிசல் விட்ட விதை அதில் ஒன்றிரண்டுக்கு மேல் இல்லை.

மாசிக் காற்றில் தூற்றல் எளிதாக முடிந்தது. 4 மில்லிமீட்டர் சல்லடையில் காய்த்தோலும் குச்சியும் மேலே தங்கின. 2 மில்லிமீட்டரில் மண்ணும் களைவிதையும் நொறுங்கலும் கீழே இறங்கின. அதற்கும் தப்பும் உருண்டை விதைகளுக்கு மூங்கில் தட்டைச் சாய்த்துப் பிடித்துத் தட்டுவதே வழி: கோணல் வடிவ வெந்தயம் சரிவில் தங்கிவிடும், உருண்டையானது உருண்டோடிவிடும். மிஞ்சிய வைக்கோலை மாடு விரும்பித் தின்றது. கறவை மாட்டுக்கு அளவோடுதான் போட வேண்டும், பாலில் வெந்தய வாசம் ஏறிவிடும்.

உலர்த்துவதிலும் மூன்று பங்குக்கும் வேறுபாடு வைத்தோம். சமையல் பங்கு முழு வெயிலில் காய்ந்தது. விதைப் பங்கையும் முளைப் பங்கையும் காலை இளவெயிலில் சிறிது நேரமும் மீதி நேரம் காற்றோட்டமான நிழலிலும் வைத்தோம். சோதனைக்காக ஒரு கைப்பிடியை உச்சிவெயிலில் சூடேறிய சிமென்ட் தரையில் காயவைத்து, இரண்டையும் ஈரத் துணியில் முளைக்க வைத்ததில், நிழலில் காய்ந்தது நூற்றுக்கு 93, தரையில் காய்ந்தது 74. சேமிப்பில் சமையல் வெந்தயம் எவர்சில்வர் டப்பாவிலும், முளை வெந்தயம் ஈரமில்லாத கண்ணாடிப் புட்டியிலும், விதை வெந்தயம் சலித்த சாம்பல் கலந்து மண்கலயத்திலும் இருக்கின்றன. சாம்பலும் வேப்பிலையும் விதைக்கலயத்துக்கு மட்டும்தான். மூன்றின் மேலும் பெயிண்டில் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறோம். வீட்டில் பலர் புழங்கும்போது இது மிகவும் முக்கியம்.

முளைகட்டும் முறை இப்போது இப்படி நிலைபெற்றிருக்கிறது. 100 கிராம் விதையை மூன்று நான்கு தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவி, கொதித்து ஆறிய நீரில் எட்டு மணி நேரம் ஊறவைக்கிறோம். ஊறும்போது விதை நன்றாகப் பெருகும் என்பதால் பாத்திரம் பெரியதாக இருக்க வேண்டும். பிறகு வழவழப்பு கையில் ஒட்டாமல் போகும் வரை அலசி, துளையிட்ட எவர்சில்வர் தட்டில் அரை அங்குலத்துக்கு மேல் குவியாமல் பரப்பி, வெந்நீரில் அலசிப் பிழிந்த துணியால் மூடுகிறோம். பச்சைப்பயறுக்குச் செய்வது போலத் துணியில் மூட்டையாகக் கட்டித் தொங்கவிடுவது வெந்தயத்துக்கு ஒத்துவரவில்லை. பிசின் உள்ளே தேங்கி, நடுவில் சூடேறிப் புளித்துவிடுகிறது. பகலில் மூன்று முறை, படுக்கும் முன் ஒரு முறை கொதித்து ஆறிய நீரில் அலசி வடித்தால், மூன்றாம் நாள் முளை விரற்கடை நீளம் வந்து நிற்கும். 100 கிராம் 320 கிராம் ஆனது. சித்திரை வெயிலில் இன்னும் ஒருமுறை கூடுதலாக அலச வேண்டியிருக்கிறது. துளி புளிப்பு வாடை வந்தாலும் முழுத் தட்டையும் மாட்டுக்குத்தான் போடுகிறோம். குழந்தைகள், முதியவர்கள், கர்ப்பிணிகள் இருக்கும் வீட்டில் பச்சையாகப் பரிமாறாமல், ஆவியில் நன்றாக வேகவைத்துத் தேங்காய், வெங்காயம், எலுமிச்சை சேர்த்துச் சுண்டலாகக் கொடுக்கிறோம். கசப்பு மட்டுப்பட்டு, கடிக்க மொறுமொறுப்பும் மிச்சமிருக்கிறது. சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுப்பவர்கள் தினமும் அதிக அளவில் உண்ணத் தொடங்கும் முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. வெந்தயம் சர்க்கரை அளவைக் குறைக்கக் கூடியது.

சமையல் பங்கு பற்றிச் சொல்ல அதிகமில்லை. புதிய வெந்தயத்துக்கு வாசம் ஏறியே இருக்கிறது. நாலு டம்ளர் இட்லி அரிசிக்கு ஒரு டீஸ்பூன் போடும் வழக்கத்தில் முக்கால் போதும். குழம்புக்கு வறுக்கும்போது அடுப்பைக் குறைத்து, நிறம் ஒரு படி மாறியதும் இறக்கிவிட வேண்டும். சிவந்தால் கசப்பு மேலோங்கிவிடும். பக்கத்துத் தெலுங்குக் குடும்பத்தார் ஆவக்காய் போடுவதற்காக 3 கிலோ கேட்டு வாங்கிப் போனார்கள். அவர்கள் அதைக் கடுகுப் பொடியோடு முழு விதையாகவே சேர்க்கிறார்கள், ஊறிய பிறகு அந்த விதைதான் ஊறுகாயின் ருசி என்கிறார்கள்.

விதைப் பங்கில் கொஞ்சத்தைச் சாம்பல் போகக் கழுவி, வீட்டுப் பின்கட்டில் கீரைத் தட்டுகளில் போட்டுப் பார்த்தோம். ஓரடிச் சதுரத் தட்டில் இரண்டு அங்குலம் தென்னைநார்க் கழிவும் மண்புழு உரமும் சம அளவில் நிரப்பி, பத்துக் கிராம் தூவினால் நெருக்கமாக வருகிறது. கோடையில் நிழல் வலைக்குக் கீழே வைத்து, இரண்டு மூன்று இலை விட்டதும் கத்தரியால் அறுத்துவிட வேண்டும். வெயிலில் முற்ற விட்டால் பூவுக்குத் தாவி இலை கசந்துவிடும். தக்காளி வரிசைகளுக்கு இடையில் தூவியதும் நன்றாக வந்தது, தக்காளி நிழல் கட்டும் முன் கீரை எடுத்தாயிற்று.

செலவுக் கணக்கு: உழவு 600 ரூபாய், தொழுவுரம் 1,000, வேப்பம்புண்ணாக்கு 480, விதை 180, ட்ரைக்கோடெர்மா 180, ஜீவாமிர்தத்துக்கு வெல்லமும் மாவும் 250, களையெடுப்புக் கூலி 1,600, அறுவடைக்கும் களத்துக்கும் கூலி 800, ஆக 5,090 ரூபாய். கீரை விற்ற 1,500 ரூபாயைக் கழித்தால் 3,590 ரூபாய். கிலோவுக்கு 163 ரூபாய் அடக்கம். தார்ப்பாய் பல ஆண்டு உழைக்கும் என்பதால் இதில் சேர்க்கவில்லை. எங்கள் வீட்டு ஆட்களின் உழைப்புக்கும் விலை போடவில்லை. சாதாரணக் கடை வெந்தயத்தைவிட இது விலை கூடியதுதான். முளைகட்டத் தகுந்தது என்று நம்பிக் கொடுக்கக்கூடிய 5 கிலோவுக்கு அந்தக் கூடுதல் விலை நியாயம் என்றே கருதுகிறேன். சமையல் பங்குக்கு அதே விலை கேட்பது கடினம்.

அடக்கத்தைக் குறைக்கும் இடம் களையெடுப்பு. வரும் கார்த்திகையில் எல்லாப் பாத்திகளிலும் வரிசை விதைப்புதான். ஓரடி இடைவெளியில் சைக்கிள் களைக்கருவி தடையில்லாமல் ஓடும், சாம்பல் நோய்க்கும் அதுவே மருந்து. கீரைக்கென்று இரண்டு பாத்திகளைத் தனியே ஒதுக்கித் தூவுவோம், அவற்றிலிருந்து விதை எடுக்கப் போவதில்லை. கடலைத் தொலியை இப்போதே சாக்கில் கட்டி வைத்தாயிற்று. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 2 என்ற வெந்தய ரகத்தை ஒரு பாத்தியில் சேர்த்துப் பார்க்கும் எண்ணமும் உண்டு. வெந்தயம் தன் மகரந்தத்திலேயே காய்க்கும் செடி என்பதால் இரண்டு ரகங்கள் பக்கத்தில் இருந்தாலும் விதை பெரிதாகக் கலந்துவிடாது. மண்கலயத்தில் உள்ள விதையில் ஒரு கிலோவைப் பக்கத்து நிலத்துக்காரர்கள் இருவர் கேட்டிருக்கிறார்கள். குதிரைமசால் பாத்தி மண்ணையும் ஒரு கூடை சேர்த்துத் தருவதாகவும், வேரோடு பிடுங்காமல் அறுத்துச் சாக்கில் மிதித்தே எடுக்க வேண்டும் என்றும் அவர்களிடம் சொல்லி ஒப்புக்கொண்டிருக்கிறோம்.